மோட்டாருக்கு முதுகு

தேனி பஜாரில் ஞானதுரை கடைக்குள் நுழைந்து ஒரு வாஷர் கேட்டால், வாஷர் உடனே கிடைத்துவிடும். வாஷர் ஏன் தேய்கிறது, தேயாமல் இருக்க என்ன செய்ய வேண்டும், அவருடைய மச்சான் வீட்டுக் குழாயில் அது எப்படித் தேய்ந்தது என்பதெல்லாம் கிடைத்து முடிவதற்குள் வெயில் ஏறிவிடும். சப்மெர்சிபிள் மோட்டார், சொட்டு நீர்க் குழாய், வால்வு, பில்டர் என்று தண்ணீரைக் கிணற்றிலிருந்து செடி வரைக்கும் கைப்பிடித்துக் கூட்டிப்போகத் தேவையான எல்லாவற்றையும் அவர் விற்கிறார். விளக்கம் மட்டும் இலவசம். இலவசமான பொருளுக்கு அளவு கிடையாது.

குரல் கனமானது. புதுப் போர்வெல்லில் தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு காற்று வருமே, அதுபோல முதலில் "ஹ்ஹ்ர்ம்" என்று ஒன்று வரும். அப்புறம் பேச்சு வரும். வந்தால் மின்சாரம் போனாலும் நிற்காது.

பொட்டிப்புரத்து மலையம்மாள் ஒருநாள் வந்திருந்தார். தக்காளிக்கு இவர் கடையில்தான் ட்ரிப் பைப் என்கிற சொட்டு நீர்க் குழாய் வாங்கியிருந்தார்.

"ஐயா, பைப்புல தண்ணி வரமாட்டேங்குது."

"ஹ்ஹ்ர்ம். எங்கன வரமாட்டேங்குது?"

"பைப்புலதான்."

"பைப்புல எங்கன ஆத்தா? தலைமாட்டுலயா, கால்மாட்டுலயா?"

"அது என்ன பொணமா, தலைமாடு கால்மாடு பாக்க? உங்க வாயில வர்றதுல பாதி என் பைப்புல வந்தாப் போதும், காடு வெளஞ்சுரும்."

"கோவப்படாத. பில்டர் மேல ஒரு அம்பு போட்டிருக்கும். அது எந்தப் பக்கம் பாக்குது?"

"கொய்யா மரத்தப் பாக்குது."

"அதக் கேக்கல. மோட்டாரப் பாக்குதா, வயலப் பாக்குதா? அம்பு எப்பவும் மோட்டாருக்கு முதுகக் காட்டணும். தண்ணி மோட்டார்ல இருந்து வயலுக்குப் போகுதுல்ல? அப்ப மோட்டாருக்கு முதுகு, வயலுக்கு மூஞ்சி. பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டு வெளியேறுறவன் மாதிரின்னு வச்சுக்கோ."

"நீங்க அப்பிடி வெளியேறுனா தெருமுனை தாண்டுவீகளாக்கும்?"

தாண்ட மாட்டார். ஆனால் சொன்னது சரி. மலையம்மாள் பில்டரைத் திருப்பி மாட்டினார், தண்ணீர் வந்தது. "மோட்டாருக்கு முதுகு" என்ற அந்த ஒற்றை வாக்கியத்தைப் பெரியகுளத்து மாந்தோப்பிலிருந்து கம்பத்துத் திராட்சைப் பந்தல் வரைக்கும் ஞானதுரை விதைத்திருக்கிறார். அடுத்த வாக்கியம், "பில்டர்தான் கிட்னி, வாரம் ஒருக்கா கழுவு." இதைக் கேட்காமல் அந்தக் கடையிலிருந்து யாரும் பில்லோடு வெளியே வந்ததில்லை.

இப்படிப்பட்ட மனிதர், தான் வாங்கிய காரின் கிட்னி எங்கே இருக்கிறது என்றுகூடப் பார்த்ததில்லை.

அந்தக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைப் லோடு விஷயமாகக் கோட்டயம் போனவர், லோடை மறந்துவிட்டு அதோடு திரும்பினார். சிவப்பு. ரெண்டே கதவு, ரெண்டே சீட்டு. ஜப்பானில் பிறந்து, பல கை மாறி, முப்பது வயதைத் தாண்டிய ஸ்போர்ட்ஸ் கார். ஒரு வேட்டி நனைந்து தரையில் கிடந்தால் என்ன உயரம் இருக்குமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதல். உள்ளே ஏறுவதற்கு முதலில் வலது காலை விட வேண்டும், பிறகு வயிற்றை விட வேண்டும், மிச்சத்தைக் கர்த்தரிடம் விட வேண்டும். சிக்னலில் நிற்கும்போது தெரு நாய்கள் ஞானதுரையைக் கண்ணுக்கு நேராகப் பார்த்தன. சமமாக நடத்தின என்றே சொல்லலாம்.

முன்பக்க பானட்டைத் திறந்தால் உள்ளே ஸ்டெப்னி படுத்திருக்கும். இஞ்சின் சீட்டுகளுக்குப் பின்னால். பெட்ரோல் டாங்கி ரெண்டு சீட்டுக்கும் நடுவில், தரைக்கடியில். முதல்முறை பங்கில் நிறுத்தியபோது பெட்ரோல் ஊற்றுகிறவர் காரை இரண்டு தடவை சுற்றி வந்தார். "அண்ணே, இதுக்கு வாய் எங்கன இருக்கு?" என்றார்.

கோட்டயத்துக்காரர் விற்கும்போது சொன்னதை ஞானதுரை அதே மலையாளத்தில், அதே இழுப்போடு, மனைவி ஜான்சியிடம் ஒப்பித்தார்.

"'சாரே, இது காறல்ல, இதொரு விகாரமா!' அப்பிடின்னான் ஜான்சி. கண்ணு கலங்கிருச்சு அந்தாளுக்கு."

மலையாளத்தில் விகாரம் என்றால் உணர்ச்சி. தமிழில் என்னவென்று ஜான்சிக்குத் தெரியும்.

"விகாரம்னு வித்தவனே சொல்லியிருக்கான். அப்பறமும் வாங்கிட்டு வந்தீகளா?"

ஜான்சி பெரியகுளம் அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டு நர்ஸ். குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. அலறுவதற்கென்றே ஆட்கள் இருக்கும் இடத்தில் வேலை பார்ப்பவர், தானும் அலற வேண்டியதில்லை என்று முடிவு செய்திருந்தார். மெதுவாக ஒரு வார்த்தை சொல்வார். அது ஊசி மாதிரி இறங்கும், வலி ராத்திரிதான் தெரியும்.

ஊர் கேட்ட கேள்வி வேறு. "அண்ணே, இதுல எத்தனை ரோல் பைப்பு ஏத்தலாம்?" கடைக்கு வந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒன்றுகூட ஏற்ற முடியாது என்று சொல்லும்போது ஞானதுரையின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். தொழில் தொடங்கியபோது அவரிடம் இருந்தது மொபெட். பைப் கட்டைத் தோளில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டியவர். அதற்கப்புறம் லோடு ஆட்டோ. அதற்கப்புறம் வேன். கல்யாணமான புதிதில் ஜான்சியை விருந்துக்கு அழைத்துப்போனதுகூட லோடு ஆட்டோவில்தான். திரும்பும் வழியில் வீரபாண்டியில் ஒரு கட்டு இறக்க வேண்டியிருந்ததால், புதுப்பெண் மடியில் பத்து எல்போ, ஒரு கேட் வால்வோடு விருந்து வீட்டில் இறங்கினார். அவர் ஓட்டிய ஒவ்வொரு வண்டியிலும் பைப்புக்கு இடம் இருந்தது. பைப் போக மிச்ச இடத்தில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.

"இதுல ஒரு பைப்பு ஏறாது ஜான்சி," என்றார் ஒருநாள், விளக்கம் எதுவும் இல்லாமல். "அதுக்குத்தான் வாங்குனேன்."

அந்த ஒரு காரணத்துக்காகத்தான் ஜான்சி காரை இத்தனை நாள் வீட்டு வாசலில் நிற்க விட்டிருந்தார்.

ஆனால் காருக்கு ஒரு வியாதி. சமதளத்தில் சிங்கம். மேடு கண்டால் ஆஸ்துமா. ஜான்சியின் அண்ணன் குமுளியில் புதுவீடு கட்டிப் பிரதிஷ்டை ஜெபம் வைத்தபோது, பட்டுப்புடவையோடு ஜான்சியையும் ஏற்றிக்கொண்டு ஞானதுரை கிளம்பினார். சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று பஸ்களையெல்லாம் முந்தினார். லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் கார் இருமியது. ஒரு வளைவு ஏறியது. அடுத்த வளைவில் விக்கியது. அதற்கடுத்த வளைவில், முந்திவந்த அத்தனை பஸ்களும் தன்னை முந்துவதைப் பார்த்தபடி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஏலத்தோட்டத்து ஜீப் ஒன்று நின்றது. உள்ளே இருந்த பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். "ஏறுங்கக்கா, உங்க வீட்டுக்காரர் காருக்குக் காவல் இருக்கட்டும்!" கவ்வாத்துக் கத்திகளுக்கும் தூக்குவாளிகளுக்கும் நடுவில், பட்டுப்புடவையில் ஜான்சி தன் அண்ணன் வீட்டு வாசலில் போய் இறங்கினார்.

திரும்பும்போது எல்லாம் இறக்கம், கார் ஓடியது. வீட்டுக்கு வந்ததும் ஜான்சி சாப்பாடு போட்டார். போட்டுக்கொண்டே சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழமை அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். இதே கார்ல போவோம். இது குமுளி ஏறுச்சுன்னா இருந்துட்டுப் போகட்டும். ஏறலைன்னா அங்கன நின்னே தங்கப்பாண்டியனுக்குப் போன் போட்டுருவேன். கொழம்பு ஊத்தவா?"

தேவதானப்பட்டித் தங்கப்பாண்டியன் பழைய வண்டிகளை வாங்கி உடைப்பவர். இந்தக் காரைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை. "அக்கா, அந்தச் செவப்பு ஆமைய எப்ப தருவீக? சீட்டு ரெண்டும் ஜம்முன்னு இருக்கு. கழட்டி நம்ம ஆபீஸ்ல போட்டுட்டா வர்றவுக சாஞ்சு உக்காரலாம். மிச்சத்த எடைக்குப் போட்டுரலாம்." கேட்கும்போதெல்லாம் ஞானதுரைக்குத் தன் தோலை அளவெடுப்பது போலிருக்கும்.

மறுநாளே ஜீப் மெக்கானிக் சண்முகராஜை வீட்டுக்கு வரவழைத்தார். தோட்டத்து ஜீப்புகளையே பார்த்துப் பழகியவர். பழுதை ஜீப்பின் சத்தத்தைக் கேட்டுத்தான் கண்டுபிடிப்பார், அதுவும் ரோட்டில் வரும்போதே. இஞ்சின் மூடியைத் திறந்து, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிச் சத்தத்தைக் கேட்டார். அணைக்கச் சொன்னார்.

"பெட்ரோல் பில்டர் அடச்சுக்கிச்சுண்ணே. வாங்குனதுல இருந்து மாத்துனீகளா?"

வாரம் ஒருக்கா கழுவச் சொல்லும் வாய் மூடியிருந்தது. ஜான்சி வாசலில் நின்று முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "கிட்னின்னு கேள்விப்பட்டேன்," என்றார் கீரையிடம்.

புது பில்டர் எர்ணாகுளத்திலிருந்து பார்சலில் வந்தது. சின்னச் சொம்பு அளவில் ஒரு தகரக் குடுவை, ரெண்டு முனையிலும் ஒரேமாதிரி குழல், மேலே ஓர் அம்புக்குறி. மாட்டுவது சுலபம். ரெண்டு பக்கமும் ரப்பர் ஹோஸைச் சொருகிக் கிளிப்பை முறுக்கினால் முடிந்தது. பழையதை எட்டுவதில்தான் சங்கதி. இஞ்சினுக்கும் சீட்டுச் சுவருக்கும் இடையில், காற்றுக் குழாய்க்கு அடியில், ஏதோ ஒரு இரும்புத் தாங்கிக்குப் பின்னால் அது ஒளிந்திருந்தது.

"ஜீப்புன்னா பானட்டத் தொறந்து உள்ள எறங்கி உக்காந்து, பீடி பத்த வச்சுக்கிட்டு வேல பாக்கலாம்ணே. இதுல ஒரு பல்லி போகணும்னாலும் குளிச்சு எண்ணெய் தேய்ச்சுட்டுத்தான் போகணும்."

"இஞ்சின எறக்கிட்டா?"

"எறக்கலாம். ஏத்துறது யாரு? ஞாயித்துக்கெழமைக்குள்ள ஏறாது. அடுத்த ஞாயித்துக்கெழமையும் கேக்காதீக."

காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு சண்முகராஜ் கையை விட்டார். கை என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அது ஒரு வாழைத்தண்டு, மணிக்கட்டில் செப்புக் காப்பு போட்ட வாழைத்தண்டு. முழங்கை வரைக்கும் போனது. பிறகு போகவில்லை. பிறகு வரவும் இல்லை.

"அண்ணே."

"என்னய்யா, கிடைச்சுருச்சா?"

"கிடைச்சுருச்சுண்ணே. காருக்கு என் கை கிடைச்சுருச்சு."

ஞானதுரை விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். எல்போ சைசுக்கும் பைப் சைசுக்கும் உள்ள உறவு, இரும்பு சூட்டில் விரிவது, கை பயத்தில் வீங்குவது. சண்முகராஜ் அதுவரைக்கும் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்தவர், இப்போதுதான் கத்தினார்.

ஜான்சி அன்றும் உருவிக்கொண்டிருந்த கீரையை வைத்துவிட்டு வந்தார். சோப்பைக் கரைத்து ஊற்றினார். "முக்காதீக. மூச்ச விடுங்க. இன்னும். நல்லா விடுங்க." வார்டுக் குரல் அது. சண்முகராஜ் தன்னை அறியாமல் மூச்சை விட்டார். ஜான்சி தன் கையை அவர் கையோரமாக உள்ளே நுழைத்து, காப்பு எங்கே மாட்டியிருக்கிறது என்று தடவிப்பார்த்துத் திருப்பினார். ஜீப் மெக்கானிக் பிறந்து வெளியே வந்தார்.

ஜான்சியின் கை மட்டும் இன்னும் உள்ளேயே இருந்தது.

"இங்கன சொம்பு மாதிரி ஒன்னு இருக்கே. இதத்தான் தேடுறீகளா?"

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஜான்சி," என்றார் ஞானதுரை, சபைக் கமிட்டியில் காணிக்கை அறிவிப்பு வாசிக்கும் பணிவான குரலில். "அது மேல ஒரு கிளிப்பு இருக்கும். அத லேசா..."

"நான் எதுக்குங்க கழட்டணும்? இத விக்கச் சொல்றதே நான்தான்."

"அது சரிதான்."

ஜான்சி கையை வெளியே எடுத்தார். கீரையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முன்னால் ஒரு நீண்ட எதிர்காலம் தெரிந்தது. சாப்பாட்டு மேஜையில், சபைக்குப் போகும் வழியில், மகள் பிரின்சி கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், 'ஒரே ஒரு பில்டர் மாத்தியிருந்தா' என்று தொடங்கும் ஒரு விளக்கம், கணவர் சாகும்வரை, ஒருவேளை அதற்குப் பிறகும்.

"கழட்டாம வித்தா காலம்பூரா சொல்லிக்கிட்டே இருப்பீக. மாத்தியும் ஏறலைன்னாத்தான் வாய மூடுவீக. தள்ளுங்க."

கைப்பையிலிருந்து ரப்பர் கையுறையை எடுத்து மாட்டினார். மோதிரத்தைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி, அடியில் வாளி வைக்கச் சொல்லி, ஸ்பேனரோடு கையை விட்டார்.

"தட்டுப்படுதாக்கா?" என்றார் சண்முகராஜ், வீங்கிய கையைத் தடவிக்கொண்டே.

"தல தட்டுப்படுது. ஏங்க, குறுக்க நெடுக்க நடக்காதீக. லைட்டப் பிடிங்க. ஆம்பளைக எங்கன போனாலும் வராண்டாவுல நடக்கத்தான் லாயக்கு."

ரொம்ப நேரம் பிடித்தது. அந்த வீட்டு வாசலில் யாரும் பேசாமல் அவ்வளவு நேரம் கழிந்தது அதுவே முதல் தடவை. கடைசியில் "வந்துருச்சு" என்று ஜான்சி வெளியே எடுத்த குடுவை, துருவேறி, அம்பு இருந்த சுவடே தெரியாமல் இருந்தது. வாளியில் சாய்த்தால் கஷாயம் மாதிரி கருப்பாக ஊற்றியது.

"சாக்கடைண்ணே!" என்றார் சண்முகராஜ்.

புது பில்டரைக் கையில் வாங்கிய ஜான்சி, உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி.

"இதுல அம்பு போட்டிருக்கே. எந்தப் பக்கம் பாக்கணும்?"

"ஹ்ஹ்ர்ம்," என்றார் ஞானதுரை. இத்தனை நேரம் அடைத்திருந்த போர்வெல் திறந்துகொண்டது. "இத எங்கிட்டயா கேக்குற? இந்தப் பள்ளத்தாக்குல அத்தன பேருக்கும் சொன்னவன் நான். மோட்டாருக்கு முதுகு! இந்தா இஞ்சினு. இதுக்கு முதுகக் காட்டி, சீட்டப் பாத்து வை. பொட்டிப்புரத்துல ஒரு அம்மா திருப்பி மாட்டிட்டு..."

சண்முகராஜ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். ஞானதுரை பேசிக்கொண்டிருக்கும்போது வாயைத் திறப்பவர்கள் கொட்டாவிதான் விட முடியும். அவரும் ஒரு கொட்டாவியை விட்டுவிட்டு, கைக்கு ஒத்தடம் கொடுக்க வீட்டுக்குப் போனார். ஜான்சி அம்பை சீட்டுப் பக்கம் பார்த்து வைத்துக் கிளிப்பை முறுக்கினார்.

கார் கிளம்பியது. வீரபாண்டி வரைக்கும் ஒரு ஓட்டம் போய்விட்டு, தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு திரும்பினார் ஞானதுரை. "பொறந்த பிள்ள மாதிரி ஓடுது!" பிறந்த பிள்ளை ஓடாது என்று ஜான்சி தொழில்முறையில் நினைவூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதே பட்டுப்புடவை. ஞானதுரைக்குப் புது வெள்ளைச் சட்டை. கம்பம் வரைக்கும் பில்டர் மாற்றுவதன் தத்துவத்தை விளக்கிக்கொண்டே ஓட்டினார். கூடலூர் தாண்டியதும் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் பெரிய குழாய்களைக் காட்டி, "பாத்தியா, அதுவும் நம்ம தொழில்தான்" என்றார். ஜான்சி கையிலிருந்த கைபேசியைக் காட்டினார். திரையில் தங்கப்பாண்டியன் பெயர் தயாராக இருந்தது.

லோயர் கேம்ப் தாண்டியது. முதல் வளைவு ஏறியது. ஞானதுரை மனைவியைப் பார்த்தார். இரண்டாம் வளைவில் கார் ஒரு சின்ன இருமல் இருமியது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவதில் நின்றது. அதே மூன்றாவது வளைவு. போன தடவை வேடிக்கை பார்த்த குரங்குகளின் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

ஒரு பஸ் கடந்தது. ஜன்னலிலிருந்து ஒரு குரல்: "அண்ணே, இங்கனயே ஸ்டாண்டு போட்டுருங்க!"

ஞானதுரை இறங்கி இஞ்சின் மூடியைத் திறந்தார். எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டே நின்றார். ஜான்சியும் இறங்கினார். தங்கப்பாண்டியனை அழைக்கும் பொத்தானுக்கு மேல் கட்டைவிரல் நின்றது. அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

"ஏங்க. அந்த அம்ப எந்தப் பக்கம் பாத்து வைக்கச் சொன்னீக?"

"மோட்டாருக்கு முதுகு."

"இதுல எது மோட்டாரு?"

"என்ன கேள்வி கேக்குற? இந்தா இதுதான்." இஞ்சினைத் தட்டிக் காட்டினார். சுட்டது. கையை உதறினார்.

"சரி. வயல்ல மோட்டார்ல இருந்து தண்ணி வெளிய போகுது. இங்கன இதுல இருந்து பெட்ரோல் வெளிய எங்கன போகுது?"

"இதுல இருந்து..." ஹ்ஹ்ர்ம் வந்தது. காற்று மட்டும்தான். தண்ணீர் வரவில்லை.

"டாங்கி எங்கன இருக்கு?"

"சீட்டுக்கு நடுவுல."

"அப்ப அங்கனருந்துதான இங்கன வருது? நாங்களும் ஆஸ்பத்திரில ட்ரிப்புதாங்க போடுறோம். பாட்டில்ல இருந்து ஆளுக்கு ஏறும். ஆளுல இருந்து பாட்டிலுக்கு எந்த ஊருலயும் ஏத்தமாட்டாக." ஜான்சி இஞ்சினைக் கண்ணால் காட்டினார். "இது மோட்டார் இல்லைங்க. பேஷண்டு."

ஞானதுரை இஞ்சினைப் பார்த்தார். ஒரு பள்ளத்தாக்கு முழுக்க அம்புகளைச் சரியான பக்கம் திருப்பிவைத்த மனிதர். ஒரே ஓர் அம்பு மட்டும் தலைகீழாக இருந்தது. அது அவருடையது. சமதளத்தில் தலைகீழ் பில்டர் வழியாகவும் கசிந்து வந்த பெட்ரோல் போதுமாக இருந்திருக்கிறது. மேடு ஏறத் தாகம் எடுத்தபோது கிடைக்கவில்லை.

"உன் ட்ரிப்பு வேற, என் ட்ரிப்பு வேறல்ல?" என்றார். குரலில் பழைய கனம் இல்லை.

"வேறதான். என்னோடத மாத்திப் போட்டா ஆளு போயிருவான். உங்களோடதுல தக்காளிதான் போகும்."

ஞானதுரை காரின் கூரை மேல் கையை வைத்தார். "போன் போடுறதுன்னா போடு ஜான்சி. சொன்னது நான்தான்."

இதற்கு மேல் இன்னும் ஏதாவது வரும் என்று ஜான்சி காத்திருந்தார். வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் சொன்னதிலேயே மிகச் சின்ன விளக்கம் இதுதான். அது ஜான்சியைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

"சொன்னது நீங்க. மாட்டுனது என் கை," என்றார். "தங்கப்பாண்டியன் இதக் கழட்டிப் பாத்துட்டு, நர்சம்மா தலகீழா மாட்டியிருக்குன்னு தேவதானப்பட்டி பூரா சொல்லுவான். எனக்குத் தேவையா? சட்டையக் கழட்டுங்க."

"எதுக்கு?"

"பட்டுப்புடவைங்க."

இஞ்சின் ஆறும்வரை இருவரும் தடுப்புச் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு புது வெள்ளைச் சட்டையைப் பின்பக்கமாக மாட்டிக்கொண்டு, பிரசவ வார்டு ஏப்ரன் மாதிரி கட்டிக்கொண்டு, ஜான்சி காருக்குள் கையை விட்டார். ஞானதுரை பனியனோடு பக்கத்தில் நின்று ஸ்பேனர், கந்தல், கிளிப் என்று கேட்டதையெல்லாம் எடுத்துக் கொடுத்தார். கேட்காததை எதுவும் கொடுக்கவில்லை, பேச்சையும் சேர்த்து. கடந்துபோன ஜீப்பிலிருந்து ஒருவர் அந்தப் பனியனைப் பார்த்துக் கத்தினார்: "அண்ணே, சுருளி அருவி அந்தப் பக்கம்! வழி மாறி வந்துட்டீக!"

ஏற்கனவே ஒருமுறை போன வழி என்பதால் கை சீக்கிரம் போய்வந்தது. அம்பு இப்போது இஞ்சினுக்கு மூஞ்சியைக் காட்டியது.

சாவியைத் திருகினார். ஒரு தடவை, இரண்டு தடவை, பிறகு பிடித்துக்கொண்டது. மூன்றாவது வளைவு ஏறியது. அடுத்தது ஏறியது. ஞானதுரை ஸ்டீயரிங்கைக் கண்ணாடிச் சாமான் மாதிரி பிடித்துக்கொண்டு, மூச்சு விட்டால் நின்றுவிடுமோ என்று மூச்சு விடாமல் ஓட்டினார். "மூச்ச விடுங்க," என்றார் ஜான்சி, ரோட்டைப் பார்த்தபடி. விட்டார். கார் நிற்கவில்லை. சற்றுமுன் அருவிக்கு வழி சொன்ன ஜீப்பை முந்தும்போது, ஞானதுரை பனியனோடு ஒரு ஹாரன் அடித்தார். அதில் கொஞ்சம் விளக்கம் இருந்தது.

குமுளியில் ஞானஸ்நானம் முடிந்து பந்தியும் தொடங்கியிருந்தது. கருப்புக் கறை ஏறிய வெள்ளைச் சட்டையில் வந்திறங்கிய ஞானதுரையை ஜான்சியின் அண்ணன் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மச்சான், தள்ளிக்கிட்டு வந்தீகளா?"

"ஹ்ஹ்ர்ம். ஒன்னுமில்ல மச்சான். பில்டர்ல ஒரு சின்ன டெக்னிக்கல் பிரச்சினை. கண்டுபிடிச்சுட்டோம்."

"யாரு கண்டுபிடிச்சா?"

ஞானதுரை மனைவியைப் பார்த்தார். அவர் கைகழுவும் இடத்தில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பேமிலியா கண்டுபிடிச்சோம்."

அப்போதுதான் ஜான்சியின் போன் அடித்தது. தங்கப்பாண்டியன். ஜான்சி முன்பே சொல்லிவைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் மறக்கவில்லை.

"அக்கா, லாரிய எடுத்துக்கிட்டு லோயர் கேம்புக்கு வரவா?"

"வேணாம்பா. ஏறிருச்சு."

"ஏறிருச்சா!" ஒரு பெருமூச்சு. "அப்ப அந்த சீட்டு ரெண்டும்?"

"சீட்டும் கிடையாது, ஒன்னும் கிடையாது. அவ்வளவு தூரம் வர்றதுன்னா எங்க வீட்டுக்காரர வேணா ஏத்திக்கிட்டுப் போ."

மறுமுனையில் தங்கப்பாண்டியன் ஒரு வியாபாரியாக யோசித்தார்.

"அண்ணன் பழைய மாடல்க்கா. அதுக்கு ஸ்பேர் கிடைக்காது."

பந்தியில் ஞானதுரை, தண்ணீர் ஊற்ற வந்தவரை நிறுத்திவைத்து, ஜக்கின் மூக்கு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

"தெரியும்பா," என்றார் ஜான்சி. "அதான் இருக்குறத வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன்."